பத்தாயிரம் ஏரிகளின் நாட்டில்

மாணவ நண்பர்களே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டினாற்போல், ஏறத்தாழ நடுவில் மினசோட்டா என்னும் மாநிலம் இருக்கிறது. அமெரிக்கர்கள் 'மத்திய மேற்கு' என்று அழைக்கும் நிலப்பகுதியின் வடகோடி அது. உங்கள் படம் பெரிய அளவில் வரையப்பட்டதாக இருந்தால், அந்த மாநிலத்தின்மீது யாரோ பேனாவை உதறி நீல மசியைத் தெளித்ததுபோல் எண்ணற்ற புள்ளிகளைக் காண்பீர்கள். அவை அனைத்தும் ஏரிகள்.

'பத்தாயிரம் ஏரிகள்' என்ற சொற்களை அந்த மாநிலத்து மோட்டார் வண்டிகளின் எண் பலகையிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். பெருமைக்காகக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை, குறைத்தே சொல்லியிருக்கிறார்கள். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 ஆகிறது. சிறு குட்டைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. மினசோட்டா என்ற பெயரே அங்கு வாழ்ந்துவரும் டகோட்டா மக்களின் மொழியிலிருந்து வந்தது. வானம் நிழலாடும் நீர் என்பது அதன் பொருள்.

இத்தனை ஏரிகளையும் வெட்டியது யார்? இங்கே தோன்றும் ஆறுகள் ஏன் ஒன்றுக்கொன்று எதிரான திசைகளில் ஓடுகின்றன? ஆறு மாதம் உறைபனியில் கிடக்கும் நாட்டில் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி அந்த நாட்டின் ஏரிகளையும் ஆறுகளையும் சிற்றூர்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

பனிக்கட்டி என்னும் மண்வெட்டி

முதற் கேள்விக்கு விடை, பனிக்கட்டி. பனியூழிக் காலத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியில் பெரும்பாலான நிலத்தை ஒரு பெரும் பனிப்படலம் மூடியிருந்தது. பல இடங்களில் அதன் பருமன் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு கனமுள்ள பனிக்கட்டி ஒரே இடத்தில் அசையாமல் கிடப்பதில்லை. தன் எடையாலேயே நசுங்கி, மிக மெதுவாக வழிந்து நகர்கிறது. நகரும்போது அடியிலுள்ள பாறையைச் சுரண்டுகிறது. மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு போகிறது. பருவநிலை வெப்பமானபோது பனி உருகிப் பின்வாங்கியது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் மினசோட்டாவைவிட்டு அது நீங்கிவிட்டது.

பனி போனபின் இருவகைக் குழிகள் எஞ்சின. மாநிலத்தின் வடகிழக்கில், ஈலி என்னும் சிற்றூரைச் சுற்றிலும், நிலமெங்கும் கடினமான பழம்பாறை. 270 கோடி ஆண்டு வயதுடைய பாறைகள்கூட அங்கே உண்டு. அந்தப் பாறையில் எங்கெங்கே வலுக்குறைவு இருந்ததோ, அங்கெல்லாம் பனி ஆழமாகச் சுரண்டியது. அக்குழிகளில் நீர் நிறைந்து, தெளிந்த, குளிர்ந்த ஏரிகள் உண்டாயின.

மாநிலத்தின் நடுப்பகுதியில் நடந்தது வேறு. பின்வாங்கும் பனிப்படலத்திலிருந்து வீடளவும் மலையளவும் கட்டிகள் உடைந்து நின்றுவிட்டன. உருகிய நீர் அடித்துவந்த மணலும் சரளையும் அவற்றைச் சுற்றிலும் மேலும் மூடின. மண்ணுக்குள் புதைந்த கட்டி நெடுங்காலம் கழித்து உருகியபோது, மேலிருந்த மண் உள்வாங்கிப் பள்ளமாயிற்று. பனிக்கட்டி படுத்திருந்த இடமே ஏரி ஆயிற்று.

ஒரு மேடு, மூன்று கடல்கள்

ஹிப்பிங் என்பது இரும்புச் சுரங்கத்தால் பிறந்த ஊர். ஊருக்கு அடியிலேயே இரும்புத் தாது இருப்பது தெரிந்ததும், 1919ஆம் ஆண்டில் வீடுகளையும் கடைகளையும் பெயர்த்து உருளைகள்மீது ஏற்றி, ஏறக்குறைய 3 கி.மீ. தெற்கே நகர்த்தத் தொடங்கினார்கள். 'இடம்பெயர்ந்த ஊர்' என்ற பெயர் அதற்கு அப்போது வந்தது.

ஹிப்பிங்குக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதன் அருகில் ஒரு மேடு இருக்கிறது. பார்ப்பதற்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் அம்மேட்டில் பெய்யும் மழை மூன்றாகப் பிரிகிறது. வடக்கே வழியும் நீர் கனடாவிலுள்ள ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. கிழக்கே வழிவது பேரேரிகளின் வழியாக அட்லாண்டிக் கடலை அடைகிறது. தெற்கே வழிவது மிசிசிப்பியோடு கலந்து மெக்சிகோ வளைகுடாவில் விழுகிறது. அருகருகே விழுந்த மூன்று மழைத்துளிகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், மூன்று வேறு கடல்களில் சென்று சேரக்கூடும்!

ஒரு கண்டத்தின் நீரைப் பிரிக்கும் இடம் என்றால் வானளாவிய மலைத்தொடராக இருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். அப்படி இருக்க வேண்டியதில்லை. நீருக்குத் தேவை சிறிது சரிவு, அவ்வளவே.

மிசிசிப்பி பிறக்கும் இடம்

மிசிசிப்பி ஆறு எங்கே பிறக்கிறது என்பது நெடுநாள் வரை ஐரோப்பியர்களுக்குப் புதிராக இருந்தது. அங்கு வாழ்ந்த ஒஜிப்வே மக்களுக்கோ அது தெரிந்த செய்தி. 1832ஆம் ஆண்டில் ஒசாவிந்திப் என்னும் ஒஜிப்வே தலைவர் வழிகாட்ட, ஹென்றி ஸ்கூல்கிராப்ட் என்பவர் அந்த ஏரியை அடைந்தார். 'உண்மையான தலை' என்று பொருள்படும் 'வெரிட்டாஸ் காபுட்' என்ற இரு இலத்தீன் சொற்களை எடுத்து, முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் வெட்டிவிட்டு, நடுவில் எஞ்சியதை ஒட்டி 'இட்டாஸ்கா' என்று பெயரிட்டார்.

இட்டாஸ்கா ஏரியிலிருந்து ஆறு வெளிப்படும் இடத்தில் வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன. அவற்றின்மீது கால்வைத்துச் சிறுவர்கள் மிசிசிப்பியைத் தாண்டிவிடுகிறார்கள்! அங்கிருந்து கடல்வரை ஏறத்தாழ 3,770 கி.மீ. ஏரியில் விழுந்த ஓர் இலை கடலைச் சேர மூன்று மாதம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தெற்கே கடலை நோக்கிப் போக வேண்டிய ஆறு முதலில் வடக்கே ஓடுகிறது. பெமிஜி என்ற ஊரை அடைந்து, அங்கே ஓர் ஏரிக்குள் புகுந்து வெளிப்பட்டு, கிழக்கே திரும்பி, பிறகுதான் தெற்கே வளைகிறது. படத்தில் பார்த்தால் ஒரு கேள்விக்குறியைப்போல் இருக்கும். பனி விட்டுச் சென்ற மேடுபள்ளங்களுக்கு இடையே வழி தேடிய நீர் வரைந்த கோடு அது.

வடக்கே ஓடும் ஆறு

இப்போது மாநிலத்தின் மேற்கு எல்லைக்கு வாருங்கள். பிரௌன்ஸ் வேலி என்று ஒரு சிற்றூர். அதன் வடக்கே டிராவர்ஸ் ஏரி. தெற்கே பிக் ஸ்டோன் ஏரி. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆயினும் டிராவர்ஸ் ஏரியின் நீர் ரெட் ஆறாகி வடக்கே ஹட்சன் விரிகுடாவை நோக்கிப் போகிறது. பிக் ஸ்டோன் ஏரியின் நீர் மினசோட்டா ஆறாகி மிசிசிப்பியில் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஊர் இருக்கிறது.

இங்கே ஒரு புதிர். மினசோட்டா ஆறு சிறியது. ஆனால் அது ஓடும் பள்ளத்தாக்கு சில இடங்களில் 8 கி.மீ. அகலமும் 70 மீட்டருக்கு மேல் ஆழமும் உடையது. சின்னப் பையன் பெரியவர் சட்டையை அணிந்துகொண்டதுபோல் அந்த ஆறு தன் பள்ளத்தாக்கிற்குள் தொளதொளவென்று ஓடுகிறது. அப்படியானால் அந்தச் சட்டை யாருக்குத் தைத்தது?

இதற்கு 1868இல் விடை சொன்னவர் ஜி. கே. வாரன் என்ற இராணுவப் பொறியாளர். பனிப்படலம் வடக்கே பின்வாங்கியபோது, உருகிய நீருக்கு வடக்கே வழியில்லை. பனிச் சுவர் மறித்து நின்றது. எனவே அதன் முன்னால் ஒரு மாபெரும் ஏரி தேங்கியது. இன்றைய ஐந்து பேரேரிகளையும் ஒன்றுசேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. நிரம்பிய ஏரி இன்று பிரௌன்ஸ் வேலி இருக்கும் இடத்தில் கரையை உடைத்துக்கொண்டு தெற்கே பாய்ந்தது. அப்பெருவெள்ளம் அறுத்த வழிதான் அந்த அகன்ற பள்ளத்தாக்கு. மறைந்த ஏரிக்கு, பனியூழிக் கொள்கையை உலகுக்கு எடுத்துரைத்த லூயி அகாசியின் பெயரையும், மறைந்த ஆற்றுக்கு வாரனின் பெயரையும் பிற்காலத்தார் சூட்டினர். பனி மேலும் உருகி வடக்கு வழி திறந்ததும் அகாசி ஏரி அந்தப் பக்கம் வடிந்துபோயிற்று. அதன் அடித்தளம் மட்டும் வண்டல் படிந்த சமவெளியாக எஞ்சியது. அதன்மேல் ஓடுவதுதான் ரெட் ஆறு.

ஏரியின் தரை எப்படி இருக்கும்? மேசைப் பலகைபோல் தட்டையாக. ரெட் ஆறு 885 கி.மீ. ஓடுகிறது, அதற்குள் அது இறங்குவது 70 மீட்டர் மட்டுமே. ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 8 சென்டிமீட்டர்! உங்கள் உள்ளங்கை அகலம்தான்.

இத்துடன் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. ஆறு வடக்கே ஓடுவதால், வசந்த காலத்தில் தெற்கேயுள்ள மேல்பகுதியில் பனி முதலில் உருகுகிறது. அந்த நீர் வடக்கே வரும்போது அங்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது. வெள்ளத்திற்கு ஒதுங்க மேடில்லை, ஓடச் சரிவில்லை, முன்னே செல்ல வழியுமில்லை. அது பக்கவாட்டில் பரவுகிறது.

1997ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்தது இதுவே. அந்தக் குளிர்காலத்தில் எட்டுப் பனிப்புயல்கள் வீசியிருந்தன. ஆற்றின் இரு கரைகளிலும் கிராண்ட் போர்க்ஸ், கிழக்கு கிராண்ட் போர்க்ஸ் என்னும் இரட்டை ஊர்கள் உள்ளன. வெள்ளம் 49 அடி உயரும் என்று வானிலைத் துறை கணித்திருந்தது. மக்கள் இரவு பகலாக மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையை உயர்த்தினர். ஆனால் நீர் 54 அடியைத் தாண்டியது. கரைகள் மூழ்கின. ஏறத்தாழ 50,000 பேர் ஊரைவிட்டு வெளியேறினர். வெள்ளத்தின் நடுவே நகரின் மையத்தில் தீப்பிடித்து 11 கட்டடங்கள் எரிந்தன; தண்ணீர் சூழ்ந்த ஊரில் தீயணைப்பு வண்டிகள் நெருங்க முடியவில்லை.

அதன்பின் அவ்வூரார் ஒரு முடிவுக்கு வந்தனர். ஆற்றை ஒட்டியிருந்த வீடுகளை அகற்றினர். கரையைப் பின்னுக்குத் தள்ளி உயர்த்திக் கட்டினர். இடைப்பட்ட நிலத்தைப் பூங்காவாகவும் திடலாகவும் விட்டுவிட்டனர். வெள்ளம் வந்தால் அந்தத் திடல் ஆற்றுக்கு; வராத நாட்களில் மக்களுக்கு. பழைய ஏரியின் தரையில் குடியிருப்பவர்கள் அந்த ஏரியின் குணத்தை அறிந்து நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பின்னோக்கி நடந்த அருவி

வாரன் ஆற்றின் வெள்ளம் இன்னொரு விந்தையையும் செய்தது. இன்று செயின்ட் பால் நகரம் இருக்கும் இடத்தில் அது பேரருவியாக விழுந்தது. அப்பகுதியில் மேலே கடினமான சுண்ணாம்புக்கல். அதன் அடியில் விரலால் தேய்த்தாலே உதிரும் மணற்கல். விழும் நீர் கீழேயுள்ள மணற்கல்லைக் குடைந்துவிடும். தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் மேலுள்ள சுண்ணாம்புப் பலகை உடைந்து விழும். அருவியின் விளிம்பு சிறிது பின்னால் போகும். மறுபடியும் குடைவு, மறுபடியும் உடைவு. இவ்வாறு அருவி ஆற்றின் எதிர்த்திசையில் நகர்ந்தது. மிசிசிப்பி வந்து சேரும் இடத்தை அடைந்தபின் அதன் ஒரு கிளை மிசிசிப்பியின் வழியே ஏறத் தொடங்கியது. அதுதான் இன்று மினியாபொலிஸ் நகரின் நடுவிலுள்ள புனித அந்தோனியார் அருவி. 1680இல் அதைக் கண்ட லூயி ஹென்னபின் என்ற பாதிரியார் அப்பெயரை இட்டார்.

நியூட்டன் வின்செல் என்ற நிலவியலாளர் இந்த அருவியை ஒரு கடிகாரமாகப் பயன்படுத்தினார். ஹென்னபின் காலத்திலும் அவருக்குப்பின் வந்த பயணிகள் காலத்திலும் அருவி எங்கே இருந்தது என்பதைக் குறிப்புகளிலிருந்து கண்டறிந்து, அது ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்தது என்று கணக்கிட்டார். இரு ஆறுகளும் சேரும் இடத்திலிருந்து அருவிவரை ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்குமல்லவா? ஏறக்குறைய 8,000 ஆண்டுகள் என்று விடை வந்தது. இன்று நமக்குத் தெரிந்த காலம் இதைவிடச் சில ஆயிரம் ஆண்டுகள் கூடுதல். ஆனாலும் கரிமக் காலக்கணிப்பு கண்டுபிடிக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, ஒரு வகுத்தல் கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது வியப்பல்லவா?

அருவியின் விசையால் மாவு ஆலைகள் ஓடின. 1880 முதல் 1930 வரை உலகிலேயே மிகுதியாகக் கோதுமை மாவு அரைத்த நகரம் மினியாபொலிஸ். ஆனால் 1869இல் ஆலைகளுக்காக ஆற்றின் அடியில் மணற்கல்லைக் குடைந்தபோது சுரங்கவழி இடிந்து, ஆறு உள்ளே புகுந்துவிட்டது. மேல்பலகை முழுவதும் உடைந்திருந்தால் அருவியே மறைந்து வெறும் நீர்ச்சரிவாகியிருக்கும். பல ஆண்டுகள் பாடுபட்டு அடியில் சுவர் எழுப்பி அதைக் காப்பாற்றினர். இன்று அது கான்கிரீட் சரிவில் வழிகிறது. பத்தாயிரம் ஆண்டுகள் நடந்த அருவி இப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

மேலிருந்து உறையும் ஏரி

இனி மூன்றாம் கேள்வி. குளிர்காலத்தில் இந்த ஏரிகளின்மேல் மனிதர் நடக்கிறார்கள். பனி தடித்துவிட்டால் மோட்டார் வண்டியே ஓட்டிச் செல்கிறார்கள். பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள். அப்படியானால் அடியில் மீன் உயிரோடு இருக்கிறது என்றுதானே பொருள்?

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகும். தண்ணீரும் அப்படித்தான், ஆனால் 4 டிகிரி செல்சியஸ் வரைதான். அதற்குக் கீழே போனால் அது மீண்டும் விரியத் தொடங்குகிறது. உறைந்தால் இன்னும் விரிகிறது. அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்குகிறது. அடிநீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்தபின், மேலும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கி உறைகிறது. பனிக்கட்டி ஒரு போர்வையாகிவிடுகிறது. அடியில் ஏறத்தாழ 4 டிகிரி நீரில் மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. தண்ணீருக்கு இந்த விந்தைக் குணம் இல்லாவிட்டால் ஏரிகள் அடியிலிருந்து உறைந்துவரும். மீன்கள் ஒதுங்க இடமிராது.

வசந்தத்தில் பனி உருகியதும் மறுபடியும் ஏரி முழுவதும் ஒரே அடர்த்திக்கு வருகிறது. அப்போது காற்று அடித்தால் நீர் அடிவரை புரளும். மேலே காற்றிலிருந்து கரைந்த பிராணவாயு அடிக்குப் போய்ச் சேரும். ஆண்டுக்கு இருமுறை நிகழும் இந்தப் புரளலை ஏரி மூச்சு வாங்குவது என்றே சொல்லலாம். கோடையில் வெதுவெதுப்பான இலேசான நீர் மேலும், குளிர்ந்த கனத்த நீர் கீழும் பிரிந்து நிற்கும். அப்போது மூச்சு இல்லை. வசந்தத்தில் வாங்கிய பிராணவாயுவைக் கொண்டே அடிப்பகுதி காலம் தள்ள வேண்டும்.

ஒரு சேற்று ஏரியின் வரவு செலவு

ஏரிக்குள் நடக்கும் வாழ்க்கைக்குக் கணக்கு எழுதியவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர். மினியாபொலிஸுக்கு வடக்கே சீடர் பாக் என்று ஒரு சிறு ஏரி உண்டு. ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். மெல்ல மெல்லத் தூர்ந்துவரும் சேற்று ஏரி. மினசோட்டா பல்கலைக்கழக மாணவராக இருந்த லிண்டமன், கோடையிலும் குளிரிலும் அங்கே சென்று பாசியையும் புழுவையும் மீனையும் அளந்தார். எது எதைத் தின்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. சூரிய ஒளியாக வந்த ஆற்றலில் எவ்வளவு பாசிக்கும் செடிக்கும் போகிறது, அதில் எவ்வளவு அவற்றைத் தின்னும் உயிர்களுக்குப் போகிறது, அதிலிருந்து ஊனுண்ணிகளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்.

சூரிய ஆற்றலில் செடிகள் பிடித்தது ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அதில் 13.3 சதவீதம் செடியுண்ணிகளுக்குச் சென்றது. அதிலிருந்து 22.3 சதவீதம் ஊனுண்ணிகளுக்கு. 'பத்து சதவீத விதி' என்று உங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது பின்னால் பொதுமைப்படுத்திச் சொன்னது. இந்தச் சேற்று ஏரியில் கிடைத்த எண்கள் இவை.

லிண்டமன் எழுதிய கட்டுரையை முதலில் ஏரி அறிஞர் இருவர் ஏற்க வேண்டாம் என்றனர். இவ்வளவு குறைந்த அளவைகளைக் கொண்டு இவ்வளவு பெரிய கொள்கையா என்பது அவர்கள் ஐயம். யேல் பல்கலைக்கழகத்தின் ஹட்சின்சன் வாதாடியதால் அது ஏற்கப்பட்டது. 1942 அக்டோபரில் அச்சில் வந்தபோது லிண்டமன் உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜூனில், 27 வயது நிறையும் முன்பே, நோயால் மறைந்துவிட்டார். இன்று சூழலியல் படிக்கும் ஒவ்வொருவரும் அக்கட்டுரையின் வழியில்தான் நடக்கிறார்கள்.

ஈலி ஊர் கற்ற பாடம்

ஈலி என்னும் ஊரை முன்பே கண்டோம். மக்கள்தொகை மூவாயிரத்துக்குச் சற்று மேல். ஊரை ஒட்டி ஷகாவா என்னும் ஏரி. ஊரின் கழிவுநீர் பல ஆண்டுகளாக அதில் கலந்துவந்தது. கழிவுநீரிலுள்ள பாஸ்பரஸ் பாசிக்கு உரம். கோடைதோறும் ஏரி பச்சைக் கூழ்போல் ஆயிற்று. அதற்கு நீர் தரும் பர்ன்ட்சைட் ஏரியோ தெளிவாகவே இருந்தது. அதனால் குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை.

1973இல் பாஸ்பரசை ஏறத்தாழ முழுவதும் நீக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. ஏரியின் நீர் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மாறிவிடக்கூடியது. எனவே ஓரிரு ஆண்டுகளில் ஏரி தெளிந்துவிடும் என்று எதிர்பார்த்தனர். வசந்த காலத்தில் பாஸ்பரஸ் குறையத்தான் செய்தது. ஆனால் கோடை வந்ததும் மறுபடி ஏறியது, பாசியும் வந்தது. எங்கிருந்து?

அடிச் சேற்றிலிருந்து! ஆண்டுக்கணக்கில் விழுந்த பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து சேற்றில் அடங்கியிருந்தது. பிராணவாயு உள்ளவரை அந்தக் கட்டு அவிழாது. கோடையில் அடிநீரின் பிராணவாயு தீர்ந்துபோனதும் இரும்பு கரைந்தது. பாஸ்பரஸ் விடுபட்டு நீரில் கலந்தது. ஏரி தன் பழைய கடனைத் தானே தவணை முறையில் திருப்பிக்கொண்டிருந்தது. கழிவை நிறுத்துவது ஒரு நாள் வேலை. அது விட்டுச்சென்றதை ஏரி மறக்கப் பல ஆண்டுகள் வேண்டும். உலகெங்கும் ஏரிகளைச் சீர்திருத்த முனைவோர் இந்தச் சிற்றூரிலிருந்து கற்ற பாடம் இது.

ஒரு தேக்கரண்டி உப்பு

இன்று மினசோட்டா ஏரிகளுக்குப் புதிய தொல்லை ஒன்று வந்திருக்கிறது. குளிர்காலத்தில் சாலைகளில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்புக் கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது என்பது உங்களுக்குத் தெரியும். வண்டிகள் சறுக்காமல் செல்ல அது தேவை, உயிர்கள் காக்கப்படுகின்றன. ஆனால் உருகிய உப்புநீர் சாக்கடைகளின் வழியே ஏரியைச் சேர்கிறது. தலைநகரப் பகுதியில் தூவப்படும் உப்பின் குளோரைடில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அங்கேயே, ஏரிகளிலும் நிலத்தடி நீரிலும், தங்கிவிடுகிறது என்று மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு தேக்கரண்டி உப்பு 19 லிட்டர் நீரைக் கெடுக்கப் போதும் என்று மாநில மாசுக்கட்டுப்பாட்டு நிறுவனம் மக்களுக்கு எடுத்துச் சொல்லிவருகிறது. பாஸ்பரசையாவது சேறு பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பை எதுவும் பிடித்து வைப்பதில்லை. ஏரி முழுவதையும் வடிகட்டி உப்பெடுப்பது நடக்கக்கூடிய காரியமுமன்று.

இதில் மறைந்துள்ள தீங்கை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஓர் உயரமான கண்ணாடிக் குவளையில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி அசையாமல் வையுங்கள். வேறொரு கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி உப்பைச் சிறிது நீரில் கரைத்து, சில துளி மசி விட்டுக் கலக்குங்கள். அந்த நிறநீரைச் சொட்டுக் குழாயால் குவளையின் உட்சுவரை ஒட்டி மெல்ல மெல்ல விடுங்கள். நிறநீர் கீழே இறங்கித் தனி அடுக்காக நிற்கும். இப்போது மேலே வாயால் ஊதுங்கள். மேல்நீர் அலையும்; அடியிலுள்ள நிறநீர் கலங்காது. மற்றொரு குவளையில் உப்பில்லாத மசிநீரை விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு விளங்கும்.

ஏரியிலும் இதுவே நடக்கும். கனத்த உப்புநீர் அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் வசந்தக் காற்று எவ்வளவு அடித்தாலும் ஏரி அடிவரை புரளாது. புரளாவிட்டால் அடிக்குப் பிராணவாயு இல்லை. பிராணவாயு இல்லையேல் மீன் அங்கே வாழாது. சேற்றிலுள்ள பாஸ்பரசும் அவிழும். ஈலியில் கண்ட பாடம் நினைவிருக்கிறதல்லவா?

பனிப்போர்வையின் காலமும் குறைந்துவருகிறது. பக்கத்து விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் நகரின் மெண்டோட்டா ஏரி எந்த நாளில் உறைகிறது, எந்த நாளில் உருகுகிறது என்பதை 1850களிலிருந்து விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் ஏறத்தாழ நான்கு மாதம் உறைந்திருந்த ஏரி, அண்மைக் காலத்தில் சராசரியாக மூன்று மாதமே உறைந்திருக்கிறது. ஒரு நாட்குறிப்பும் அதைத் தொடர்ந்து எழுதும் பொறுமையும் இருந்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

இவற்றுக்கெல்லாம் வழியில்லாமல் இல்லை. தோட்டப் புல்லுக்கு இடும் உரத்தில் பாஸ்பரஸ் கூடாது என்று 2005 முதல் மினசோட்டா மாநிலம் முழுவதும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சாலைக்கு உப்பைக் குறைவாக, அளந்து, முன்கூட்டியே கரைசலாகத் தெளிக்கும் முறையைச் சாலைப் பணியாளருக்குக் கற்றுத்தருகிறார்கள். சிற்றூர்களில் மக்கள் தங்கள் ஏரியில் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை மீட்டர் ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்து அனுப்புகிறார்கள். நீரின் தெளிவை அளக்க இதைவிட எளிய கருவி இல்லை. உங்கள் ஊர்க் குளத்திலும், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இதைச் செய்து பார்க்கலாம். மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டு முடிவில் அந்த எண்களை வரைபடமாக வரைந்து பாருங்கள்.